எமிலின் கல்லும் பத்தி அண்ணையும்

பத்திநாதன் அண்ணை இறந்த செய்தி வந்தபோது நான் டேனிஷ் நகரமான விபோர்க்கின் பஸ் நிலையத்தில், நான் ஓட்டும் வண்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, புறப்படும் நேரத்துக்காகக் காத்திருந்தேன். கைத்தொலைபேசியில் யூலியற்றின் பெயர் வந்தது. பத்தி அண்ணையின் மகள். ஓகூஸில் தாதியாக வேலை செய்கிறாள். நத்தார்ப் பண்டிகைக்கும் அப்பாவுக்கு ஏதும் என்றாலும் மட்டும் அழைக்கிறவள் மாசி மாதத்துக் காலையில் அழைக்கிறாள் என்றால் என்ன செய்தி என்று எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

"சேவியர் மாமா, அப்பா விடியப் போயிட்டார்."

"ஓம்" என்றேன். வயதான ஒரு பெண் தள்ளுவண்டியோடு ஏறுவதற்கு நின்றார். அவருக்காகப் படியைத் தாழ்த்திக்கொண்டே, "வேலை முடிய எடுக்கிறன் பிள்ளை" என்று சொல்லி வைத்தேன். அன்று முழுவதும் வண்டி ஓட்டினேன். துக்கம் வரவில்லை. அவரோடு கதைத்து முடிக்காத ஒரு விடயம் எனக்கு இருந்தது. அதை என் தலையில் விட்டுவிட்டுப் போய்விட்டாரே என்ற எரிச்சல்தான் முதலில் வந்தது.

மாலையில் யூலியற் மறுபடியும் பேசினாள். முப்பத்தோராம் நாள் பூசைக்கு நினைவு மலர் அச்சடிக்கிறார்களாம். அப்பாவோடு ஊர் வரலாற்றுச் சங்கத்தில் வேலை செய்த ஒரே தமிழ் ஆள் நீங்கள்தான், நீங்கள் எழுதாமல் யார் எழுதுவது என்று கேட்டாள்.

"பிள்ளை, நான் எழுதினா எல்லாத்தையும் எழுதுவன்" என்றேன்.

வழக்கம்போல டேனிஷ் சொல் ஒன்றில் தொடங்கினாள். "அல்ஸோ... அது அப்பாவுக்கும் தெரியும் மாமா. சேவியர் எழுதினா ஒரு சொல்லும் வெட்டாமப் போடு எண்டுதான் சொன்னவர்."

ஆகவே, அவரை அறிந்தவர்களே, எழுதுகிறேன். உங்களில் பலருக்கு அவர் எஸ்பியர்க் கிறிஸ்தவக் கோவிலில் பாட்டுக்குத் தொடக்கம் எடுத்துக் கொடுக்கிறவர். சிலருக்கு, வந்த புதிதில் அலுவலகங்களுக்குக் கூட்டிப்போய் மொழிபெயர்த்தவர். அவையெல்லாம் உண்மை. எனக்குத் தெரிந்த பத்தி அண்ணையும் அதே ஆள்தான். அவர் எனக்கு ஒரு துரோகம் செய்தார். அதைத் தாண்டிக் குதித்து அவரைப் புகழ எனக்குத் தெரியாது.

தெரியாதவர்களுக்காக அவர் இருந்த ஊரைப் பற்றிச் சொல்லவேண்டும். எஸ்பியர்க்கிலிருந்து உள்நாட்டுப் பக்கமாகப் போனால் வயல்களுக்கு நடுவே அது வரும். ஒரு தேவாலயம், மூடிப்போன பாற்சாலை, பள்ளிக்கூடம், பிரதான வீதியில் ஒரு பழைய விடுதி. எண்பதுகளில் அந்த விடுதியை அகதி முகாமாக மாற்றினார்கள். அங்கே வந்திறங்கிய தமிழர்களில் பத்தி அண்ணையும் என் தம்பி எமிலும் ஒரே அறையில் இருந்தார்கள். இருவரும் மன்னார் என்றாலும் இங்கே வந்துதான் பழகினார்கள். எமிலுக்குப் பத்தொன்பது வயது. போர்க்கால மன்னாரில் அவனுக்குத்தான் ஆபத்து அதிகம் என்று அம்மா அவனை முதலில் அனுப்பினார். அடுத்தது நான் வருவதாக இருந்தது.

முதல் மாரிக் குளிரிலேயே அவன் போய்விட்டான். பனிப்புகாருக்குள் சைக்கிளில் வந்துகொண்டிருந்தவனைப் பின்னால் வந்த கார் அடித்துவிட்டது. அடுத்த கோடையில் நான் வந்து சேர்ந்தபோது பஸ் தரிப்பில் என்னை எதிர்பார்த்து நின்றவர் பத்தி அண்ணை. முகாமுக்குப் போகாமல் நேரே எமிலைப் புதைத்த சேமக்காலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மேற்கு மதிலோரம் ஒரு மரச்சிலுவை நட்டிருந்தது. ஆறுதல் சொல்லவில்லை, தோளில் கை வைக்கவுமில்லை. நான் அழுது முடிக்கும்வரை என் பெட்டியைத் தரையில் வைக்காமல் கையில் பிடித்தபடியே நின்றார். அன்றுதான் இவரை அண்ணையாக எடுத்துக்கொண்டேன்.

மறுவருடம் சிலுவை இருந்த இடத்தில் கல் வைத்தோம். பெயரைத் தமிழிலும் வெட்டவேண்டும் என்று நின்றவர் அவர்தான். அந்தச் சேமக்காலையில் அதுவரை தமிழ் எழுத்து இருந்ததில்லை. ஒரு வெள்ளைத் தாளில் பெரிதாக எழுதிக் கல்வெட்டுகிறவரிடம் கொடுத்தார். போய்ப் பார்த்தால் 'எமில' என்று வெட்டியிருந்தது. கடைசி எழுத்தின் தலையில் இருந்த புள்ளியைப் பேனா மை சிந்தியது என்று நினைத்து அந்த மனிதர் விட்டுவிட்டார். "ஒரு புள்ளிதானே" என்றார். பத்தி அண்ணையிடம் அப்போது டேனிஷ் அதிகம் இல்லை. வாயைத் திறந்து 'ல' என்றும் 'ல்' என்றும் மாறி மாறிச் சொல்லிக் காட்டினார். "இது அவன். இது அவன் இல்லை" என்று இரண்டையும் சுட்டிக்காட்டினார். கல்வெட்டுகிறவர் சிரித்துவிட்டு, எங்கள் கண் முன்னாலேயே புள்ளியைத் துளைத்துக் கொடுத்தார். பிறகு ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டுப் போகும்போது அந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

சங்கத்துக்கு அவர் போன கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அன்று நானும் கூட இருந்தேன். அந்த ஊரில் ஒரு வரலாற்றுச் சங்கம் இருந்தது. பாற்சாலையின் மேல்மாடியில் கிழமைக்கொருமுறை ஓய்வு பெற்றவர்கள் கூடுவார்கள். எந்த வீட்டில் யார் இருந்தார்கள், எந்தக் கிணறு எப்போது தூர்ந்தது, பழைய பள்ளிக்கூடப் படத்தில் இரண்டாம் வரிசையில் நிற்கும் பிள்ளை யாருடைய பிள்ளை, இப்படித் தேடிக்கொண்டிருப்பார்கள். மாரி காலத்தில் படக்காட்சி வைப்பார்கள். கோப்பியும் கேக்கும் உண்டு. குளிருக்கு ஒதுங்கத்தான் நாங்கள் இருவரும் போனோம் என்பதை இப்போது சொல்லலாம்.

தலைவியாக இருந்தவர் கியர்ஸ்டன். தபாற்கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். திரையில் விடுதியின் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கலியாண விருந்து, குதிரைச் சந்தை, கடைசி முதலாளியும் அவர் நாயும். "இதன் பிறகு விடுதி மூடப்பட்டது. பிறகு அங்கே ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்லி அடுத்த படத்துக்குப் போகப் பார்த்தார்.

பத்தி அண்ணை கையை உயர்த்தினார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் எழும்பியே விட்டார்.

"நடந்தது" என்றார் டேனிஷில். "நாங்கள் அங்கே இருந்தோம்."

மண்டபத்தில் யாரோ கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. கியர்ஸ்டன் விடுதிப் படத்தை மறுபடி திரைக்குக் கொண்டுவந்தார். "அப்படியென்றால் சொல்லுங்கள்" என்றார். இவர் சொன்னார். பிழையான டேனிஷில், கையாலும் கண்ணாலும், சமையலறையில் முதல் நாள் மிளகாய் வறுத்ததும் தீயணைப்பு வண்டி வந்த கதையிலிருந்து எமிலின் சாவு வரைக்கும் சொன்னார். முடிந்ததும் கியர்ஸ்டன், பழைய படங்களைத் தொடும்போது போடுகிற வெள்ளைத் துணிக் கையுறை ஒரு சோடியைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்து, "வரும் கிழமையும் வாருங்கள்" என்றார். பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் காலை முறை வேலை முடித்து, குளித்து, அந்தக் கையுறையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் போகத் தொடங்கியது அப்படித்தான். கொஞ்ச நாளில் என்னையும் இழுத்துக்கொண்டார்.

அந்த வேலையில் அவருக்கு இருந்த பிடிவாதத்தை நான் வேறு எதிலும் பார்த்ததில்லை. ஒரு படத்தில் பத்துப் பேர் நின்றால் பத்துப் பேருக்கும் பெயர் வேண்டும். ஒன்பது கிடைத்தால் படுக்கமாட்டார். "பேர் எழுதாட்டி அது ஆரோ ஒரு ஆள், சேவியர். பேர் எழுதினாப் பிறகுதான் அந்த ஆள்" என்பார். முதியோர் இல்லங்களுக்குப் போவோம். ஞாபகம் தடுமாறுகிறவர்களின் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு படத்தைக் காட்டிப் பொறுமையாக இருப்பார். ஒருமுறை ஒரு மூதாட்டி படத்தில் இருந்த குழந்தையைப் பார்த்து, "இது நான்" என்றார். வீட்டுக்கு வரும்வரை பத்தி அண்ணை காரில் பாடிக்கொண்டு வந்தார்.

இன்னொரு நாள் நடந்ததையும் சொல்லவேண்டும். பின்னால் வருவதற்கு அதுதான் வேர் என்று நான் நினைக்கிறேன். ஊருக்கு வெளியே தனியாக இருந்த ஒரு கிழட்டு விவசாயியிடம் படங்கள் நிறைந்த பெட்டி ஒன்று இருந்தது. சங்கத்தில் ஒருவருக்கும் அவர் கொடுக்கவில்லை. நிலத்து எல்லையில் ஏதோ பழைய சண்டை. ஊர் இரண்டாகப் பிரிந்து நின்ற சண்டை. கியர்ஸ்டன் எங்களை அனுப்பிப் பார்த்தார். கிழவர் சமையலறையில் எங்களை இருத்தி, கோப்பி ஊற்றி, நெடுநேரம் பார்த்தார்.

"நீங்கள் யாருடைய ஆட்கள்?" என்று கேட்டார்.

"ஒருவருடைய ஆட்களும் இல்லை" என்றார் பத்தி அண்ணை.

கிழவர் எழுந்து போய்ப் பெட்டியைத் தூக்கி வந்து மேசையில் வைத்தார். திரும்பி வரும்போது பத்தி அண்ணையின் முகத்தில் இருந்த பெருமையை நான் மறக்கவில்லை. "பாத்தியே? நாங்கள் ஒருத்தற்ற ஆக்களும் இல்லை எண்டபடியால்தான் தந்தவர். இந்த ஊரில எங்களுக்கு மட்டும்தான் அது இருக்கு" என்றார். அதை அவர் ஒரு பதக்கத்தைப் போல நெஞ்சில் குத்திக்கொண்டார். சங்கத்தில் தகராறு வந்தால் அவரைத்தான் நடுவில் இருத்துவார்கள். காலப்போக்கில் உபதலைவரும் ஆனார்.

நான் வண்டி ஓட்டும் வேலை கிடைத்து விபோர்க்குக்குக் குடும்பத்தோடு மாறினேன். சங்கத்துக்குப் போவது குறைந்தது. எமிலிடம் போவது மரித்தோர் நாளிலும் அவன் இறந்த நாளிலும் என்று ஆனது. இந்த நாட்டில் கல்லறை நிலம் நிரந்தரமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். குறித்த காலம் முடிந்தால், யாரும் நீட்டிக்காவிட்டால், கல்லை எடுத்துவிடுவார்கள். எமிலின் நிலத்தை அன்று எழுதியெடுத்தது முகாம் நிர்வாகம். முகாம் எப்போதோ மூடிப்போயிற்று. காலம் முடியப்போகிறது என்று நினைவு வந்ததும் பத்தி அண்ணையிடம் கேட்டேன். நேரே தேவாலய சபைக்குப் போய் என் பெயருக்கு மாற்றுகிறேன் என்றேன்.

"உனக்கென்ன விசரே? அந்தக் கல் பாதுகாக்கிற கல்லுகளுக்குள்ள சேர்ந்திட்டுது. சங்கம் சொல்லியாச்சு. அது இப்ப உன்ர தம்பியின்ர கல் மட்டும் இல்லை, இந்த ஊர்ச் சரித்திரம். நீ ஒண்டும் செய்யத் தேவையில்லை. நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார்.

அவர் சொன்னால் எனக்கு அது போதும். ஒரு புள்ளிக்காக நின்ற மனிதர் அல்லவா.

அடுத்த கார்த்திகையில் மரித்தோர் நாளுக்கு நானும் மனைவி ரஞ்சியும் மெழுகுதிரியும் பூவும் கொண்டு போனோம். மேற்கு மதிலோரம் கல் இல்லை. அந்த வரிசையே இல்லை. நல்ல பச்சைப் புல், சுற்றிச் சரளைக்கல் பாதை, ஆட்கள் இருக்க ஒரு நீள வாங்கு. வேறு பக்கத்தால் உள்ளே வந்துவிட்டோம் என்று நினைத்து நான் தேவாலயத்தைச் சுற்றி வந்தேன். மதிலின் ஒரு மூலையில் சில பழைய கற்களை மட்டும் வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தேன். எமில் இல்லை. ரஞ்சி பூவைக் கையில் வைத்துக்கொண்டு புல்லின் ஓரத்தில் நின்றாள். எங்கே கால் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சேமக்காலையைப் பராமரிக்கிற மனிதர் கொட்டிலிலிருந்து வந்தார். என்னைத் தெரியும். தொப்பியைக் கழற்றினார்.

"வசந்த காலத்தில் எடுத்துவிட்டோம்" என்றார். "எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன். எடுத்த கற்களை லொறி வந்து ஏற்றிக்கொண்டு போகும், நொறுக்கி வீதிக்குப் போடுவார்கள் என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். காலம் முடிந்துவிட்டது என்று கல்லின் முன்னால் பலகை ஒன்று குத்தி வைத்திருந்தார்களாம். யாரும் வரவில்லையாம்.

"எங்களுக்கு ஏன் சொல்லவில்லை?"

அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "உங்கள் நண்பர் பத்திநாதனும் இருந்தாரே. எந்தக் கல்லை வைப்பது, எந்தக் கல்லை எடுப்பது என்று பார்க்க வந்த குழுவில் அவரும் நடந்து வந்தார். அவர் உங்களிடம் சொல்லுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்."

வசந்த காலம். எனக்கு உடனே ஞாபகம் வந்தது அந்தக் கோடை. ஆடி மாதம் பத்தி அண்ணை விபோர்க்குக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். ரஞ்சி பனங்கிழங்கு மாவில் ஒடியற்கூழ் காய்ச்சியிருந்தாள். அவர் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக் குடித்தார். "சேமக்காலைப் பக்கம் போனனீங்களோ அண்ணை?" என்று நான் கேட்டேன். கோப்பையிலிருந்து முகத்தை எடுக்காமல், "ஓம், புல்லு எல்லாம் வெட்டி இப்ப நல்ல வடிவாக்கிப்போட்டாங்கள்" என்றார். என் வீட்டில், என் மனைவியின் கையால் வாங்கிக் குடித்துக்கொண்டு சொன்னார். கல் நொறுங்கியதை நான் பொறுத்தாலும் பொறுப்பேன். அழகாக்கிவிட்டார்கள் என்ற அந்த 'வடிவாக்கிப்போட்டாங்கள்' இன்றைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை.

அங்கிருந்து நேரே அவர் வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்தவர் என் கையில் இருந்த மெழுகுதிரிப் பையைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது. "உள்ளுக்கு வா" என்றார். நான் போகவில்லை. ரஞ்சி காரிலேயே இருந்தாள்.

"என்ன நடந்தது எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

சொன்னார். சங்கம் சொன்ன கற்கள் எல்லாவற்றுக்கும் இல்லை, மதிலோரத்தில் சில கற்களுக்கு மட்டும்தான் இடம் என்று தேவாலய சபை முடிவெடுத்திருந்தது. குழு ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டு வந்தது. எமிலின் கல்லுக்கு முன்னால் வந்ததும் சபைக்காரர் ஒருவர், இந்தப் பையன் இந்த ஊரில் சில மாதங்கள்தானே இருந்தான், ஊருக்கு முக்கியமான ஆள் என்று சொல்லமுடியுமா என்று கேட்டார். அதற்கு முந்திய கல் ஊரில் பாதிப் பேர் பிறக்கப் பிரசவம் பார்த்த மருத்துவிச்சியுடையது; இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம் மிச்சம் இருந்தது.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை."

"ஒண்டுமே?"

"சேவியர், நான் வாய் திறந்தா எங்கட ஆளுக்காகக் கேக்கிறன் எண்டு நினைப்பினம். நான் ஒருத்தற்ற ஆளும் இல்லை எண்டுதான் என்னை அந்தக் குழுவில போட்டவை. இத்தனை வருசமா அப்பிடித்தான் என்னைப் பாத்தவை. அந்த ஒரு இடத்தில நான்..." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "கை தூக்கச் சொல்லேக்கை மருத்துவிச்சியின்ர கல்லுக்குத் தூக்கினன்."

"அப்ப எமிலுக்கு ஒருத்தரும் இல்லாமப் போச்சு" என்றேன்.

அவர் தலை குனிந்தார். பிறகு, கோடையில் சொல்லத்தான் வந்ததாகச் சொன்னார். "ரஞ்சி கூழைக் கொண்டுவந்து வைச்சா. வாய் வரேல்லை." நான் காருக்குத் திரும்பினேன். அவர் வாசலில் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

சங்கத்திலிருந்து விலகினேன். கியர்ஸ்டன் ரயிலேறி விபோர்க்குக்கு வந்தார். அந்த நேரம் அவருக்கு எண்பதைத் தாண்டியிருக்கும். எங்கள் வீட்டு மேசையில் கோப்பியைத் தொடாமல் இருந்தார். தன்னை மன்னிக்கவேண்டும் என்றார். எனக்கு அவர்மேல் கோபம் இல்லை என்றேன். அப்போதுதான் அவர் அதைச் சொன்னார்.

"நாங்கள் எல்லோரும் அவர் பேசுவார் என்று பார்த்துக்கொண்டு நின்றோம், சேவியர். அந்தக் கல்லை வைக்கவேண்டும் என்று எங்களில் பலர் நினைத்தோம். ஆனால் அதை அவருக்கு முந்தி நாங்கள் சொல்வது சரியில்லை என்று பட்டது. அது அவர் சொல்லவேண்டிய சொல். அவர் ஒன்றும் சொல்லாதபோது, உங்கள் குடும்பத்துக்கு அது வேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்தோம். ஒரு சொல் போதுமாக இருந்தது."

அவர் போன பிறகு ரஞ்சி ஆறிப்போன கோப்பியை வெளியே ஊற்றினாள். சபைக்காரர் யாரோ கெட்டவர், இந்த நாடு எங்களை இப்படித்தான் நடத்தும் என்று நினைத்துக் கோபப்பட்டிருந்தால் ஒருவகையில் சுகமாக இருந்திருக்கும். அதற்கும் வழி இல்லாமல் போயிற்று. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். கேட்கவேண்டிய ஒரே ஆள், அவர்கள் தன்னை என்ன நினைப்பார்களோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டார்.

இரண்டு வருடம் கழித்து ஒருநாள் அவர் என் வீட்டு வாசலில் நின்றார். கையில் ஒலிப்பதிவுக் கருவி. சங்கம் விடுதியில் இருந்தவர்களின் குரல்களைச் சேர்க்கிறதாம். எமிலைப் பற்றி நான் பேசவேண்டுமாம்.

"கல்லை உடைச்சுப்போட்டு அந்த இடத்தில குரலை வைக்கப்போறியளோ?" என்று கேட்டேன்.

"சேவியர், எனக்கு வேற என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை."

அப்போது நான் கியர்ஸ்டன் சொன்னதைச் சொன்னேன். அதுவரை அவருக்கு அது தெரியாது. அவர்கள் எல்லோரும் தன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்பது அவருக்குத் தெரியாது. முகத்தில் இரத்தம் இறங்கிப்போவதை அன்றுதான் ஒரு மனிதரில் நேரே பார்த்தேன். கருவியின் வயரைக் கையில் சுற்றி, பைக்குள் வைத்து, பஸ் தரிப்புப் பக்கமாக நடந்தார். நான் கூப்பிடவில்லை.

அந்த ஊர்ச் சேமக்காலையில்தான் அவரை அடக்கம் செய்தார்கள். நீங்களும் வந்திருந்தீர்கள். தேவாலய சபையிலிருந்து ஒருவர் பேசினார். பத்திநாதன் இந்த ஊரின் வரலாற்றில் ஒரு பகுதி, அவர் இல்லாமல் எங்கள் ஊரை எங்களுக்குத் தெரியாமல் போயிருக்கும் என்றார். பொய் ஒன்றும் இல்லை. அவருக்கு ஒரு கல் வைப்பார்கள். அது எடுக்கப்படாது என்றும் நினைக்கிறேன். நான் பின்னால் நின்றேன். பாடல் பாடும்போது என் வாய் அசையவில்லை.

இனி, என்னிடம் அவருடையது என்று என்ன இருக்கிறது என்று சொல்லவேண்டும். அதற்குக் கடந்த ஐப்பசி மாதத்தைச் சொல்லவேண்டும்.

எஸ்பியர்க் ஆஸ்பத்திரியிலிருந்து யூலியற்தான் கூப்பிட்டாள். "அப்பா உங்களைக் கேக்கிறார் மாமா. வராட்டிலும் பரவாயில்லை எண்டு சொல்லச் சொன்னவர்." போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டு, ஆணியில் தொங்கிய கார் திறப்பை எடுத்தேன். அவர் கட்டிலில் பாதியாகியிருந்தார். யூலியற் எங்களைத் தனியே விட்டுவிட்டு வெளியே போனாள். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்டால் என்ன சொல்வது என்று வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

"உன்ர தம்பியைப் பற்றி ஒண்டு இருக்கு" என்றார். "அது சங்கத்திட்டை இல்லை. ஒருத்தரிட்டையும் இல்லை."

மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். விடுதியில் அவர்களுடைய அறையில் மூன்று கட்டில்கள் இருந்தன. யன்னலோரக் கட்டில் எமிலுடையது. நடுவில் பத்தி அண்ணை. கதவடியில் இருந்தது வெறுங்கட்டில். கதவின் கீழால் குளிர்காற்று வருவதால் அதில் ஒருவரும் படுப்பதில்லை.

"நீ கொழும்புக்கு வந்திட்டாய் எண்டு கேள்விப்பட்ட அண்டைக்கு அவன் சாமான்களைத் தூக்கிக்கொண்டு கதவடிக் கட்டிலுக்கு மாறினவன். ஏனடா விசரா, அதில விறைச்சுப் போவாய் எண்டன். 'அண்ணா வந்தா வெளிச்சத்தில படுக்கட்டும். அவருக்கு இருட்டு மூலை ஒத்துவராது' எண்டான். யன்னலடிக் கட்டிலுக்கு மேல ஒரு துணி விரிச்சு வைச்சிருந்தவன். ஒருத்தரையும் அதில இருக்க விடமாட்டான். நான் சப்பாத்துப் போட இருந்தாலும் எழுப்பிவிடுவான். 'அது அண்ணான்ர' எண்டுவான்."

நான் அந்த அறையை நினைத்துப் பார்த்தேன். நான் போய்ச் சேர்ந்த நாளில் எனக்குக் காட்டிய கட்டில் கதவடியில் இருந்தது. ஒரு மாரி முழுவதும் போர்வையைக் காலுக்குக் கீழே சுற்றிக்கொண்டு அதில் படுத்திருக்கிறேன்.

"யன்னலடியில நீங்கள்தானே படுத்தனீங்கள்" என்றேன்.

"ஓம்." அவர் கண்ணை மூடவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். "அவன் செத்த கிழமையே மாறிட்டன். நீ வாற அண்டைக்கு விட்டுத் தாறதெண்டுதான் இருந்தனான். நீ களைச்சுப்போய் வந்தனி. நாளைக்குச் சொல்லுவம் எண்டு விட்டன். பேந்து ஒருநாளும் சொல்லேல்லை."

தாதி மருந்தோடு வந்தாள். நான் எழுந்தேன். கை கொடுத்தேனா என்று கேட்டால், கொடுத்தேன். அவர் கை வெறும் எலும்பாக, சூடாக இருந்தது. மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அவரும் அதற்குக் காத்திருக்கவில்லை. கீழே வந்து காரை எடுத்தேன்.

அவரை அறிந்தவர்களே, நீங்கள் அவருடைய பாட்டையும் சிரிப்பையும் உதவியையும் வைத்திருங்கள். அவை உங்களுக்குக் கிடைத்தவை. எனக்கு அவரிடமிருந்து கிடைத்தது ஒரு விடுதி அறையின் யன்னலோரக் கட்டில். மேலே ஒரு துணி விரித்திருக்கிறது. ஒருவரையும் அதில் இருக்க விடாமல், குளிர்காற்று வருகிற பக்கத்தில் என் தம்பி படுத்திருக்கிறான். இத்தனை வருடத்தின் பிறகு அதை எனக்குத் தந்தவர் பத்தி அண்ணை. எனக்காக வைத்திருந்த அந்தக் கட்டிலில் படுத்திருந்தவரும் பத்தி அண்ணைதான்.